தம்பி காசு வச்சு ஆடறான்னு தெரிஞ்சுபோச்சா? முதல்ல கடனை அடைக்காதீங்க

இதைப் படிக்கறவங்க பாதி பேருக்கு இப்பதான் விஷயம் தெரிஞ்சிருக்கும். லோன் ஆப்காரன் எவனாவது அம்மா நம்பருக்கு போன் பண்ணி அசிங்கமா பேசியிருப்பான், இல்லன்னா பீரோவைத் திறந்தா நகை டப்பா காலியா இருந்திருக்கும். எங்க வீட்ல நகை டப்பாதான். நாங்க பெரம்பூர், ஆடினது என் தம்பி, 29 வயசு, அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை, ஆன்லைன் ரம்மில ஆரம்பிச்சு கிரிக்கெட் பெட் வரைக்கும் போயிட்டான். வைத்தியம் ஆரம்பிச்சு ஒண்ணரை வருஷம் தாண்டுது, கடைசியா ஆடி 14 மாசம் ஆகுது, இந்த ரெண்டு கணக்கும் ஏன் ஒத்து வரலன்னு பின்னாடி சொல்றேன். நான் டாக்டர் இல்ல, ஆனா அவன் கூட ஓ.பி. வரிசைல நின்னவ, அவன் சம்பள மெசேஜ் இன்னிக்கும் என் போனுக்குதான் வருது. எங்களுக்கு அன்னிக்கு யாராவது இந்த வரிசைல சொல்லியிருந்தா ஒரு வருஷம் மிச்சம் ஆகியிருக்கும், அதான் எழுதறேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. கடன் எவ்ளோன்னு தெரிஞ்ச உடனே அதை அடைக்க ஓடாதீங்க. நாங்க ரெண்டு தடவை ஓடினோம். முதல் தடவை 2,80,000, அப்பா ரிட்டயர் ஆனப்போ வந்த காசுல இருந்து எடுத்துக் கட்டினாரு, அவன் அம்மா தலைல கை வச்சு சத்தியம் பண்ணான், நாங்களும் அழுது முடிச்சு அன்னிக்கு நிம்மதியா தூங்கினோம். எட்டு மாசத்துல திரும்ப 4 லட்சம். அப்போ அம்மாவோட நாலு வளையல் போச்சு. கடனை அடைச்சா ஆட்டம் நின்னுடும்னு நாம நினைக்கறோம், நடக்கறது வேற, கடன் அடைஞ்ச மறுநாளே அதே ஆப் "உங்க லிமிட்டை ஏத்திட்டோம்"னு மெசேஜ் அனுப்புது, அவன் மண்டைக்குள்ள "நம்மால வீட்டுக்கு இவ்ளோ நஷ்டம், விட்டதைப் பிடிச்சுக் குடுத்துடணும்"னு ஒண்ணு ஓடுது. விட்டதைப் பிடிக்கணும்ங்கற அந்த எண்ணம்தான் நோயே. நம்ம பாசத்துல குடுக்கற காசு அதுக்குத்தான் தீனி. கடனுக்கு வழி இருக்கு, அது நாலாவது அஞ்சாவது வேலை, முதல் வேலை இல்ல.

முதல் வேலை ஆளைப் பாத்துக்கறது. விஷயம் வெளிய வந்த முதல் ரெண்டு மூணு நாள் ரொம்ப ஆபத்தான நாளுங்க. அவமானம், கடன்காரன் மிரட்டல், வீட்ல திட்டு எல்லாம் ஒண்ணா விழுது. தமிழ்நாட்டுல ஆன்லைன் ரம்மியால எத்தனை பேர் உயிரை விட்டாங்கன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அதனால திட்டணும்னு தோணினாலும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்க, ராத்திரி தனியா படுக்க விடாதீங்க, "நீ செத்தா கடன் போயிடுமா"ங்கற மாதிரி பேச்சு வாயிலயே வரக்கூடாது. அவன் சாவைப் பத்திப் பேசினா நேராவே கேளுங்க, அப்படி ஏதாவது யோசிக்கறியாடான்னு, கேட்டா ஐடியா குடுத்த மாதிரி ஆயிடும்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது, கேட்டாதான் வாயைத் திறப்பாங்க. அர்த்தராத்திரின்னாலும் 14416க்கு போன் பண்ணலாம், அது டெலிமானஸ்ங்கற மனநல உதவி எண், மத்திய அரசோடது, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. தமிழ்நாடு அரசோட 104ம் இருக்கு. சென்னைல 1986ல இருந்து தற்கொலைத் தடுப்புக்குன்னே இருக்கற சிநேகா அமைப்போட நம்பர் 044-24640050. இந்த மூணையும் இப்பவே போன்ல சேவ் பண்ணிட்டு மேல படிங்க.

அடுத்து கணக்கு. ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குங்க. எங்க வீட்ல சமையல் ரூம் தரையில உக்காந்துதான் எழுதினோம், அப்பா ஹால்ல டிவியை சத்தமா வச்சுகிட்டு காது குடுத்துகிட்டே இருந்தாரு. அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். லோன் ஆப் ஆறு, கிரெடிட் கார்டு ரெண்டு, பிஎஃப் அட்வான்ஸ், கம்பெனி ஃப்ரெண்டுங்க மூணு பேர், அடகுக்கடைல அம்மா செயின், கூட்டினா 7,90,000 வந்துச்சு. அவ்ளோதானான்னு கேட்டேன், அவ்ளோதான்க்கான்னான், ஆனா பேனா மூடியை திறந்து திறந்து மூடிகிட்டு இருந்தான். நான் எதுவும் கேக்கல, நோட்டை அங்கயே விட்டுட்டு தோசைக்கல்லை அடுப்புல போட்டேன். ரெண்டு தோசை தின்னுட்டு, தலையைத் தூக்காமலே, "வியாசர்பாடில ஒருத்தர்ட்ட மீட்டர் வட்டிக்கு ஒண்ணரை"ன்னான். மீட்டர் வட்டின்னா கந்துவட்டி. ஒண்ணரை லட்சம். மறைக்கற அந்த கடைசி ஒண்ணுதான் கழுத்தை நெரிக்கற கடன், எல்லா வீட்லயும் அப்படித்தான்னு அப்புறம் கவுன்சலர் சொன்னாங்க. அது வெளிய வராம வைத்தியம் ஆரம்பிச்சா, அந்த ஒண்ணை அடைக்க அவன் திரும்ப ஆடுவான்.

வாயால சொல்றதை மட்டும் நம்பாம கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்க. யாருக்கு எவ்ளோ கடன்னு கணக்கு வச்சிருக்கற சிபில் மாதிரி ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு, பேங்க், கார்டு, முறையான லோன் ஆப் எல்லாம் அதுல வந்துடும். மீட்டர் வட்டியும் கைமாத்தும் வராது, அதுக்குத்தான் தோசைக்கல்.

மூணாவது, காசையும் போனையும் பிரிக்கறது. மன உறுதி இருந்தா போதும்னு நிறைய பேர் சொல்வாங்க, தயவுசெஞ்சு அதை நம்பாதீங்க, சக்கரை வியாதிக்காரன் முன்னாடி ஜாங்கிரியை வச்சுட்டு மன உறுதியா இருன்னு சொல்ற மாதிரி அது. காசு கைக்கு வர்ற வழியை அடைக்கணும். சம்பளம் வர்ற அக்கவுண்ட்ல இருந்து அன்னிக்கே வேற ஒருத்தர் அக்கவுண்டுக்கு தானா போற மாதிரி பேங்க்ல நேர்ல போய் எழுதிக் குடுத்தோம். யூ.பி.ஐ. எல்லாத்தையும் எடுத்துட்டோம், பேங்க்ல பதிஞ்ச நம்பரை என் நம்பருக்கு மாத்திட்டோம், ஏன்னா அந்த சிம் கைல இருந்தாதான் யூ.பி.ஐ. திரும்ப போட முடியும், ஓ.டி.பி.யும் அதுக்குத்தான் வரும். டெபிட் கார்டுல ஆன்லைன் பரிவர்த்தனையை மட்டும் ஆஃப் பண்ற வசதி எல்லா பேங்க் ஆப்லயும் இருக்கு. கிரெடிட் கார்டை கட்டி முடிக்கறவரை ஒடச்சு வச்சுடுங்க. 1909க்கு மெசேஜ் அனுப்பி விளம்பர மெசேஜை நிறுத்துங்க. ஸ்மார்ட்போனை ஒரு மூணு மாசம் வாங்கி வச்சுகிட்டு பட்டன் போன் குடுத்தோம். இதெல்லாம் அவன் சம்மதத்தோட, அவனையே கையெழுத்து போட வச்சுதான் பண்ணணும், திருட்டுத்தனமா பண்ணா சண்டைலதான் முடியும். அவன் சம்மதிக்கறது பெரும்பாலும் மாட்டின அந்த வாரத்துலதான், அப்பவே பண்ணிடுங்க, பத்து நாள் போனா "நான்தான் நிறுத்திட்டேனே, இதெல்லாம் எதுக்கு"ன்னு கேப்பான்.

சட்டம் வந்துடுச்சே, இனி ஆப் எதுவும் இல்லையேன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு காசு வச்சு ஆடற ஆன்லைன் ஆட்டத்துக்கெல்லாம் தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு, பெரிய ரம்மி ஆப்பெல்லாம் காசு ஆட்டத்தை நிறுத்திட்டாங்க, அது நல்லதுதான், எத்தனையோ வீடு தப்பிச்சிருக்கும். ஆனா 2003ல நம்ம ஊர்ல லாட்டரியை ஒழிச்சப்பவும் மூணு நம்பர் லாட்டரி சந்துக்குள்ள ஓடத்தானே செஞ்சுது. எங்க தாத்தாவுக்கு கிண்டி ரேஸ், பெரியப்பாவுக்கு லாட்டரி, தம்பிக்கு போன். இப்பவும் டெலிகிராம்ல, பெட் கட்ட ஐடி குடுக்கறேன்னு எவனாவது வர்றான். சட்டம் கடையை மூடும், ஆடினவனோட அரிப்பு அப்படியே இருக்கும், அதுக்கு வைத்தியம் தனியா வேணும்.

வைத்தியம்னா எங்க போறது? கீழ்ப்பாக்கம்னு சொன்னாலே நம்ம ஊர்ல கிண்டல் வார்த்தை, எங்க அப்பா "என் புள்ளைய பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போவியா"ன்னு கத்தினாரு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794ல ஆரம்பிச்சது, குடி, தூக்கமின்மை, மன அழுத்தம்னு தினம் எத்தனையோ சாதாரண ஜனங்க வந்துட்டு போற இடம். அங்க போகத் தயக்கமா இருந்தா ஜி.எச்., ஸ்டான்லி, கே.எம்.சி.ங்கற கீழ்ப்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கு, ஓ.பி. சீட்டு வாங்கிட்டு காத்திருந்தா போதும். எங்க போனாலும் காலைல சீக்கிரம் போயிடுங்க. ஆதார், ஏற்கெனவே சாப்பிடற மாத்திரை ஏதாவது இருந்தா அந்த சீட்டு, கூடவே அந்த லாங் சைஸ் நோட்டு. நோட்டை எதுக்குன்னு நினைக்காதீங்க, டாக்டர் அதைத்தான் முதல்ல பாத்தாரு. அங்க பேசறது வெளிய போகாது, 2017 மனநல மருத்துவச் சட்டத்துல ரகசியம் காக்கறது நோயாளியோட உரிமைன்னே இருக்கு, ஆபீசுக்கு தெரிஞ்சுடும்னு பயந்து தள்ளிப் போட வேண்டாம்.

இது நோயா, கொழுப்பான்னு எங்க அப்பா டாக்டரையே கேட்டாரு. டாக்டர் கோவிச்சுக்கல. 2013ல அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் சூதாட்டத்தை குடி, போதை இருக்கற பிரிவுக்கே மாத்திட்டாங்க, உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்லயும் இருக்குன்னு சொல்லிட்டு, பொறுமையா ஒண்ணு விளக்கினாரு. தினமும் ஜெயிச்சா மனுஷனுக்கு போரடிச்சுடும், தினமும் தோத்தா விட்டுடுவான், எப்ப ஜெயிப்போம்னு தெரியாம நடுவுல நடுவுல ஜெயிக்கும்போதுதான் மூளை அதை விடவே விடாது, கொஞ்சத்துல போச்சேங்கற தோல்வியையும் மூளை கிட்டத்தட்ட ஜெயிச்ச மாதிரியே எடுத்துக்கும். அப்பா அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. வெளிய வந்து அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தாரு. மூணு மாசமா அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசாத மனுஷன்.

சூதாட்டத்துக்குன்னே ஒரு மாத்திரை கிடையாது. மன அழுத்தம், தூக்கம், பதட்டம் இருந்தா அதுக்குக் குடுப்பாங்க, அரிப்பைக் குறைக்க நால்ட்ரெக்சோன்னு ஒண்ணு சில பேருக்குக் குடுக்கறாங்க, அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். முக்கியமானது பேசறதுதான். எந்த நேரத்துல ஆடத் தோணுது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, மண்டைல ஓடின பொய் என்னன்னு வாரா வாரம் பிரிச்சு பிரிச்சு பாப்பாங்க. என் தம்பிக்கு நைட் ஷிஃப்ட் முடிச்சு பஸ்ல வர்ற அந்த ஒரு மணி நேரம்தான் எமனே. அது தெரிய ஆறு வாரம் ஆச்சு, தெரிஞ்ச உடனே ஷிஃப்டை மாத்திக் கேட்டான். நிறுத்தின முதல் வாரங்கள்ல எரிச்சல், தூக்கம் வராம புரள்றது, சாப்பாட்டுத் தட்டைத் தள்றது எல்லாம் இருக்கும், குடியை நிறுத்தினவங்களுக்கு இருக்கற மாதிரியே, பயந்துடாதீங்க.

இப்போ மறுவாழ்வு மையம். எல்லாருக்கும் உள்ள தங்கி வைத்தியம் தேவைப்படாது, நிறைய பேருக்கு ஓ.பி.யும் கவுன்சலிங்கும் வீட்டுக் கட்டுப்பாடுமே போதும். சாகணும்ங்கற எண்ணம் இருக்கு, கூடவே குடியும் இருக்கு, வீட்ல யாராலயும் காவல் காக்க முடியல, ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணியும் நிக்கல, இப்படி இருந்தா டாக்டரே உள்ள தங்கச் சொல்வாரு. அங்க என்ன நடக்குதுன்னா, போன் இல்லாத, காசு இல்லாத, ஒழுங்கா எழுந்து ஒழுங்கா தூங்கற ஒரு மாசம் கிடைக்குது, தினம் கவுன்சலிங், தன்னை மாதிரியே நாலு பேரோட உக்காந்து வாய் விட்டுப் பேசறது. மூளைக்கு ஒரு ஓய்வு. என் தம்பி 28 நாள் இருந்தான். முதல் தடவை பாக்கப் போனப்போ அவன் சொன்னது, "அக்கா, இங்க ஒரு அண்ணன், ரெண்டு லாரி வச்சிருந்தவரு, எல்லாம் போச்சாம், நான் சொல்ற பொய்யை நான் சொல்றதுக்கு முன்னாடியே அவர் சொல்லிடறாரு." அது நான் எவ்ளோ அறிவுரை சொன்னாலும் நடக்காத வேலை.

ஆனா மையத்தைப் பாத்து சேருங்க. நாங்க முதல்ல விசாரிச்ச ஒரு இடம், ஊருக்கு வெளிய, போன்லயே "அட்ரஸ் குடுங்கம்மா, ராத்திரி வண்டி அனுப்பறோம், நாலு பசங்க வந்து தூக்கிட்டு வந்துடுவாங்க, 90 நாள் பேக்கேஜ்"னான். நேர்ல போய்ப் பாத்தேன். கேட்டுக்கு உள்ள ஒரு பையன் மொட்டைத் தலையோட துடைப்பம் வச்சுகிட்டு நின்னான், என்னைப் பாத்து ஏதோ சொல்ல வந்தான், பின்னாடி இருந்து ஒருத்தன் கூப்பிட்டதும் உள்ள போயிட்டான். டாக்டர் எப்ப வருவார்னு கேட்டா பதில் இல்ல. திரும்பி வந்துட்டேன், அந்தப் பையன் முகம் இன்னும் கண்ணுல இருக்கு.

அதனால கேக்க வேண்டியதைக் கேளுங்க. மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கா, சான்றிதழைக் காட்டுங்க. மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வர்றாரு. சூதாட்டத்துக்கு தனியா கவுன்சலிங் உண்டா, இல்ல குடிக்காரங்களோட சேத்து உக்கார வச்சுடுவீங்களா. வீட்டாளுங்க வந்து பாக்கலாமா, போன்ல பேசலாமா. வெளிய வந்தப்புறம் எத்தனை மாசம் பின்தொடர்வீங்க. கட்டாயமா மொட்டை அடிக்கறது, சங்கிலில கட்டறது எல்லாம் 2017 சட்டப்படியே கூடாது, தானா வந்து சேர்ந்தவர் போகணும்னு கேட்டா சும்மா பூட்டி வைக்க முடியாது, ஆதரவுச் சேர்க்கைன்னு மத்தவங்க சேக்கறதுக்கும் மருத்துவர்கள் பரிசோதனை, 30 நாள் வரம்புன்னு முறை இருக்கு. வண்டி வச்சு தூக்கறேன்னு எவனாவது சொன்னா போனை வச்சுடுங்க. வீட்டாளுங்களையும் உக்கார வச்சுப் பேசற இடமா பாருங்க. அடையார் பக்கம் 1980ல சாந்தி ரங்கநாதன் ஆரம்பிச்ச டி.டி.கே. ஆஸ்பத்திரி குடி, போதைக்கானது, குடும்பத்துக்கும் சேத்து வைத்தியம்ங்கறதை நம்ம ஊருக்குப் பழக்கினவங்க அவங்க, அந்த முறைதான் சூதாட்டத்துக்கும் வேணும். அம்மாவுக்கும் எனக்கும் தனி கவுன்சலிங் குடுத்தப்போதான், நாங்க பாசம்னு நினைச்சு செஞ்சதுல எவ்ளோ அவன் ஆட்டத்துக்கு முட்டுக் குடுத்துச்சுன்னு புரிஞ்சுது.

கடனுக்கு வர்றேன். மையத்துல இருந்து வந்தப்புறம் நோட்டை எடுத்து வச்சுகிட்டு, ஆபத்தானது எது, ஏலம் போகப்போறது எது, பொறுக்கக்கூடியது எதுன்னு பிரிச்சோம். அடகு நகைக்கு வட்டி கட்டி ஏலத்தைத் தள்ளினோம். பேங்க்ல, கார்டுல நேர்ல போய் நிலைமையைச் சொல்லி தவணை மாத்தித் தரக் கேட்டோம், எழுத்துல கேட்டா பதில் வருது. வசூல் ஆளுங்க காலை 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் போன் பண்ணக்கூடாது, வீட்டாளுங்களை, ஃப்ரெண்டுங்களை மிரட்டக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு, இதை அவங்ககிட்டயே சொல்லுங்க, குரல் இறங்கும். போட்டோவை மார்ஃப் பண்ணி அனுப்புவேன்னு மிரட்டினா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுகிட்டு 1930ங்கற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க, சைபர் கிரைம் போலீசுக்கும் போங்க. மீட்டர் வட்டிக்கு 2003ல வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கு. நாங்க ஏரியாவுல ரெண்டு பெரியவங்களைக் கூட்டிட்டுப் போய், அசலுக்கு மேல ஏற்கெனவே கட்டியாச்சுன்னு கணக்கைக் காட்டி, மிச்சத்தை 10 மாசத் தவணையாப் பேசி முடிச்சோம். அவன் சம்பளத்துல இருந்துதான் எல்லாம் போகுது. அப்பா ஒரு ரூபா போடல. கட்டறது அவன் கையாலன்னு இருந்தாதான் அந்த காசோட கனம் அவனுக்குத் தெரியுது.

வெளிய வந்தப்புறம் ஆடத் தோணும், கண்டிப்பா தோணும். அலை மாதிரி வரும், ஏறும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள தானா இறங்கும்னு கவுன்சலர் சொல்லிக் குடுத்தாங்க, அந்த அரை மணி நேரத்தைத் தாண்டறதுதான் வேலை. அவன் எனக்கு போன் பண்ணி "க்கா, வந்துருச்சு"ம்பான், அவ்ளோதான் சொல்வான், நான் காய்கறி விலையில இருந்து எதையாவது பேசிகிட்டே இருப்பேன். சாயங்காலம் தெருமுனை கேரம் கிளப்புக்கு போறான், காசு இல்லாத ஆட்டம்னு அங்க இருக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருக்கான். கேம்ளர்ஸ் அனானிமஸ்னு 1957ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஆரம்பிச்ச கூட்டமைப்பு, குடிக்காரங்களுக்கான ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மாதிரி, தன் கதையைத் தானே சொல்ற கூட்டம், ஆன்லைன்லயும் நடக்குது, தேடிப் பாருங்க. இப்போதைக்கு நம்ம ஊர்ல ஏ.ஏ. அளவுக்கு பரவலா இல்ல, அதனால மையத்துல கூட இருந்தவங்களோட தொடர்பை விடாதீங்க, அந்த லாரி அண்ணன்தான் இன்னிக்கும் தம்பிக்கு ஞாயித்துக்கிழமை போன்.

அஞ்சாவது மாசம், ஐபிஎல் ஓடிட்டு இருந்துச்சு, ஃப்ரெண்டு போன்ல இருந்து 6,000 ரூபா வச்சு ஆடி எல்லாத்தையும் விட்டுட்டான். ஆரம்பத்துல சொன்னேனே, ஒண்ணரை வருஷம், 14 மாசம்னு, அதான் அந்த ரெண்டு கணக்கும் ஒத்து வராத காரணம். ஆனா இந்த தடவை மறைக்கல, மறுநாள் காலைல அவனே வந்து சொன்னான். எனக்கு அடிக்கணும் போல கை துடிச்சுது, அம்மா கையைப் பிடிச்சுட்டாங்க. அப்படி நடந்தா எல்லாம் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க, வழுக்கறது வேற, பழையபடி விழறது வேற. அன்னிக்கே டாக்டரைப் பாருங்க, எந்த ஓட்டை வழியா காசு வந்துச்சுன்னு பாத்து அடைங்க. எங்க விஷயத்துல ஓட்டை அந்த ஃப்ரெண்டு போன். தம்பியே அவன்கிட்ட போய், எனக்கு இந்த வியாதி இருக்கு, இனி எவ்ளோ கேட்டாலும் குடுக்காதன்னு சொல்லிட்டு வந்தான். மேட்ச் சீசன் முழுக்க வீட்ல டிவியில கிரிக்கெட் வைக்கல, அப்பா ராத்திரி எட்டு மணிக்கு அவனைக் கூட்டிட்டு நடக்கப் போவாரு.

காசுப் பொறுப்பை ஒரேயடியா திருப்பிக் குடுக்காதீங்க, ஒரேயடியா வச்சுக்கவும் வச்சுக்காதீங்க. முதல் மூணு மாசம் தினம் பஸ்ஸுக்கும் டீக்கும் 100 ரூபா, செலவுச் சீட்டோட. அப்புறம் வாரத்துக்கு 700. இப்போ வாரம் 1,500, சீட்டு கேக்கறதில்ல. ஸ்மார்ட்போன் திரும்பக் குடுத்தாச்சு, யூ.பி.ஐ. மட்டும் இன்னும் இல்ல, அதை எப்போ போடறதுன்னு அடுத்த ஓ.பி.ல டாக்டர்கிட்ட கேக்கணும்னு அவனே நோட்டுல எழுதி வச்சிருக்கான். அடுத்த மாசத்துல இருந்து வீட்டுக் கரண்ட் பில்லை அவன்தான் கட்டப் போறான், ஈ.பி. ஆபீஸ் கவுண்டர்ல போய், கேஷா.